ஒருவழியாக லைக்கன் சீவல் சரியாக வந்தது

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழும் லைக்கனின் மெல்லிய சீவலை நேற்று இரவு நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்துவிட்டேன். மேல்தோல், அதன் கீழே பச்சை மணிகளாகப் பாசி, அப்புறம் பஞ்சு போன்ற உள்ளடுக்கு, கடைசியில் கறுத்த அடித்தோல். நான்கும் ஒரே சீவலில், கலையாமல். நான்கு மாதம் சீவிச் சீவி எறிந்த பிறகு கிடைத்தது. ஸ்லைடு காயும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

மரப்பட்டையில் படரும் சாம்பல் நிற இலை வடிவ லைக்கன் அது, பார்மீலியா குடும்பம். ஸ்லைடு போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. சீவுவதில்தான் என் நான்கு மாதமும் போனது, அதை மட்டும் சொல்கிறேன்.

காய்ந்த லைக்கனில் பிளேடு பட்டால் பொடியாகிவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் ரப்பர் போல வழுக்கும். உள்ளடுக்கு நசுங்கி, பாசி மணிகள் சீவல் முழுக்க இழுவிக்கொள்ளும். அந்த ஸ்லைடைப் பார்த்து எது எங்கே இருந்தது என்று சொல்லவே முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. ஒரு டப்பாவின் அடியில் ஈர வடிதாளைப் போட்டு, அதைத் தொடாதபடி மேலே ஒரு வலைத்துண்டில் லைக்கனை வைத்து, மூடி, இரவு முழுக்க விட்டேன். காலையில் உடையாமல் வளைந்தது, விரலில் ஈரம் ஒட்டவில்லை. அதுதான் பதம். பச்சைப்பாசி வாழும் லைக்கன்கள் காற்றின் ஈரத்தை மட்டும் உறிஞ்சியே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும், சயனோபாக்டீரியா (நீலப்பச்சை பாக்டீரியா) வாழ்பவற்றுக்குத்தான் நீராகவே வேண்டும் என்று படித்தபோது தோன்றிய யோசனை இது.

பிடிமானத்துக்கு நெட்டித் துண்டைப் பிளந்து நடுவில் செருகினேன். தெர்மோகோல் வேண்டாம், அதன் துகள் ஸ்லைடெங்கும் ஒட்டுகிறது. பிளேடு இருபுறமும் கூர் உள்ள சவர பிளேடுதான். புதிதாக இருந்தாலும் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பு. சீவல் முழுவதும் சீராக மெலிந்து வரவேண்டும் என்று பாடுபட்டதில்தான் இரண்டு மாதம் வீணானது. ஆப்பு போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் தேய்ந்து வந்தால் போதும். பார்க்க வேண்டியதெல்லாம் அந்தத் தேய்ந்த விளிம்பில் இருக்கும். முப்பது சீவினேன், இரண்டு தேறின.

அதிலும் முதல் ஸ்லைடில் உள்ளடுக்கு முழுக்கக் கறுப்பு. நிறமி என்றே நினைத்தேன். அது காற்று! பூஞ்சை இழைகள் அங்கே தளர்வாகப் பின்னியிருப்பதால் இடையில் காற்று சிக்கிக்கொள்கிறது. கவர்ஸ்லிப் போடுவதற்கு முன் ஒரு துளி ஆல்கஹால் விட்டதும் கறுப்பு கலைந்து, இழை இழையாகத் தெரிந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் காற்றை விரட்டும், ஆனால் மேல்தோலில் அட்ரனோரின் என்ற லைக்கன் வேதிப்பொருள் இருந்தால் மஞ்சளாக்கிவிடும். சாயத்துக்கு காட்டன் புளூ. இந்த முறை வாங்கிய புட்டி நீர்த்துப்போயிருந்தது. இனி பொடியாக வாங்கி நானே கரைத்துக்கொள்வேன். சாயம் சரியாக ஏறினால் பூஞ்சை நீலம், பாசி பச்சை, குழப்பமே இல்லை.

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். பாடப்புத்தகப் படங்களில் பாசி அடுக்கு பெரிய பட்டையாக இருக்கும். அந்தப் படங்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. உண்மையில் அது மேல்தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய வரி, மற்றதெல்லாம் பூஞ்சை. லைக்கனுக்கு நாம் வைத்த 'கல்பாசி' என்ற பெயரில் அந்தப் பூஞ்சைக்கு இடமே இல்லை. பாசி ட்ரெபூக்ஸியா என்ற பச்சைப்பாசி வகை என்றுதான் நினைக்கிறேன். செல்லின் நடுவே பசுங்கணிகம் மட்டும் நட்சத்திரம் போலக் கிளை விட்டு நிற்கிறது. ஒரு மணியைச் சுற்றி இரண்டு நீல இழைகள், சிறு குழந்தையின் விரலைப் பெரியவர் பிடித்திருப்பதுபோல. அந்தப் பிடி வழியாகத்தான் பாசி ஆக்கிய ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் பூஞ்சைக்குப் போகிறது.

லைக்கன் ஒரு தனித் தாவரம் அல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1867-இல் சொன்னார். பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் உவமித்தார். நைலாண்டர் போன்ற பெரிய லைக்கன் அறிஞர்கள் கடைசிவரை ஏற்கவில்லை. அந்த இறுகிய பிடியைப் பார்த்தால் அடிமை என்ற சொல் ஏன் வந்தது என்று புரிகிறது. ஆனால் அந்த மணிகள் நல்ல பச்சையாக, செழிப்பாக, சில இரண்டாகவும் நான்காகவும் பிரிந்துகொண்டு இருந்தன. எனக்கு அது சிறையாகத் தெரியவில்லை.

இதற்குள் அடுத்ததையும் தொடங்கிவிட்டேன். அதே லைக்கனின் ஓரத்தில் மாவுபோல உதிரும் சொரீடியா துகள்களை அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) தூவியிருக்கிறேன். ஒவ்வொரு துகளிலும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கும். பாசியை மட்டும் பிரித்து வளர்க்க ஆசை. முதல் மூன்று தட்டுகளையும் ஏதோ பூஞ்சணம் தின்றுவிட்டது. ஊட்டம் குறைந்த அகார் நல்லது என்று நினைக்கிறேன். லைக்கனை மறுபடி சேர்த்து உருவாக்கிய வெர்னான் அஹ்மத்ஜியானின் சோதனைகளும் அப்படித்தான் சொல்கின்றன: உணவு தாராளமாக இருந்தால் இரண்டும் தனித்தனியே வளர்கின்றன, பட்டினி போட்டால்தான் ஒன்றையொன்று தேடுகின்றன.

பூஞ்சையைத் தனியே எடுக்க, அதன் வித்துகள் உண்டாகும் அப்போதீசியக் கிண்ணத்தை வாஸ்லினால் தட்டின் மூடியில் ஒட்டி, அது சுண்டியெறியும் வித்துகளை அகாரில் பிடிக்க வேண்டும். அந்த வித்துகளில் பாசி இருக்காது. அதற்குக் கிண்ணம் உள்ள லைக்கன் வேண்டும், என்னுடையதில் இல்லை.

நான்காவது தட்டுக்கு இன்று 19-ஆம் நாள். ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு பச்சைப் புள்ளி. எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைப் பூஞ்சணம் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு விரற்கடை தூரம். நாளைக் காலை ஊசியைச் சுட்டு அந்தப் பச்சையை மட்டும் புதுத் தட்டுக்கு மாற்றுகிறேன்.