காட்டுக்குள் உயர்த்திக் கட்டும் வீடு: முகப்பை அப்புறம் வரையலாம்

மழைக்காட்டில் வீடு என்றதும் எல்லோரும் முகப்பைத்தான் வரைகிறார்கள். முதலில் வேண்டியது மர வரைபடம். மனையிலுள்ள ஒவ்வொரு மரத்தையும் இடம் குறித்து, நெஞ்சு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வேர்க் காப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 40 செ.மீ. தண்டு என்றால் 4.8 மீட்டர். அடர்ந்த காட்டில் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்; வட்டத்துக்கு வெளியே மட்டும் கட்டுவது நடக்காது. தூண்களின் மேல் கட்டுவதன் முதல் பயன் இங்கேதான். நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறது. நீளவாக்கில் தோண்டும் அஸ்திவாரம் வழியிலுள்ள வேர்களை மொத்தமாக அறுத்துவிடும். தனித்தனிக் குழி தன் அகலத்துக்கு மட்டுமே இடம் கேட்கும்.

அந்த முதல் 60 செ.மீ.யைக் கையால் தோண்டுங்கள். 25 மி.மீ.க்கு மேல் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாமல் குழியைத் தள்ளிப் போடுங்கள். தள்ளிப்போட இடம் கொடுக்கும்படி உத்தரத்தையும் முன்பே வடிவமைத்திருக்க வேண்டும். ஒரே திசையில் தொடர்ச்சியாக ஓடும் முதன்மை உத்தரம் இருந்தால், தூண் அதன் நீளவாக்கில் 30 செ.மீ. இப்படியோ அப்படியோ நகரலாம். மேலே எதுவும் மாறாது. கட்டங்கட்டமாக, முனைக்கு முனை பொருந்தும் சட்டகத்தில் இது முடியாது. கான்கிரீட் ஊற்றுமுன் குழியின் பக்கங்களில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். ஈர சிமென்ட்டின் காரம் வேரைக் கருக்கும்.

சரிவான மனையில் மேட்டுப் பக்கத் தூண் குட்டையாகவும் பள்ளத்துப் பக்கத் தூண் நெட்டையாகவும் அமையும். பார்க்க அழகு, கணக்கில் வம்பு. ஒரே குறுக்களவுள்ள தூணின் உயரம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். காற்றோ நிலநடுக்கமோ வீட்டைத் தள்ளும்போது குட்டைத் தூணே பெரும்பாரத்தை வாங்கி முதலில் விரிசல் விடும், வீடும் முறுக்கிக்கொள்ளும். நெட்டைத் தூண்களுக்கிடையே பெருக்கல்குறி வடிவில் இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி விறைப்பைச் சமப்படுத்த வேண்டும். கம்பியில் டர்ன்பக்கிள் (முறுக்கினால் கம்பியை இறுக்கும் திருகு இணைப்பு) இருக்கட்டும். மரம் காய்ந்து சுருங்கியதும் மறுபடி முறுக்க வேண்டிவரும். இந்தக் கம்பிகள் கண்ணை உறுத்துகின்றன என்று தவிர்த்த வீடுகளில் நடந்தாலே தரை ஆடும்.

மரத்தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். சேரும் இடத்தில் நீர் தங்கி, அங்கேயே உளுத்துவிடும். கான்கிரீட் குற்றியை மண்ணுக்கு மேல் 15 செ.மீ.யாவது எழுப்பி, அதன்மேல் துத்தநாகம் தோய்த்த இரும்புக் காலணி (தூணின் அடியைப் பிடிக்கும் தாங்கி) வைத்து, தூணின் அடி காற்றில் நிற்கும்படி பொருத்துங்கள். இடையில் ஓரம் கீழ்நோக்கி மடிந்த தகடு ஒன்று. இது கறையானைக் கொல்லாது, முழுதாகத் தடுக்கவும் செய்யாது. கறையானை, அது ஏறிவரும் மண்குழாயைத் தகட்டைச் சுற்றி வெளிப்படையாகக் கட்ட வைக்கும், அவ்வளவுதான். அதைப் பார்க்க ஆள் நுழைய வேண்டும். ஆகவே தரைக்கடியில் குறைந்தது 60 செ.மீ. இடம் விடுங்கள். செப்புக் கலவையில் பதப்படுத்திய மரத்தில் சாதாரணத் திருகாணி போட்டால் விரைவில் அரித்துவிடும்.

மழைநீர் விஷயத்தில் என் கருத்து கறாரானது: மரங்களுக்கடியில் கூரைக் கால்வாய் வேண்டாம். இலை அடைத்து, நீர் பின்வாங்கி, இறவாரப் பலகையை ஊறவைக்கும். மணிக்கு 100 மி.மீ. மழையில் 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் 10,000 லிட்டர் இறங்கும். 30 பாகை சரிவும் ஒரு மீட்டர் இறவாரமும் கொடுத்து, நீர் விழும் கோட்டில் ஜல்லிப் பட்டை போட்டு, அது பரவலாகச் சரிவில் வடிய விடுங்கள். ஒரே குழாயில் சேர்த்து ஓரிடத்தில் விட்டால் மண் அரித்துத் தூணின் காலைத் தோண்டும்.

தளத்தின் ஊடே மரம் போகலாம், கூரையின் ஊடே வேண்டாம். தளத்தில் தண்டைச் சுற்றி 15 செ.மீ. இடைவெளி விடுங்கள், மரம் பருக்கும், காற்றில் அசையும். கூரைத் துளையை எந்த ரப்பர் பட்டையாலும் நெடுநாள் காக்க முடியாது.

காட்டுக்குள் காற்று மெதுவாகத்தான் வீசும். எதிரெதிர் ஜன்னலை மட்டும் நம்பினால் அலமாரியில் பூஞ்சணம் படியும். கூரை முகட்டில் காற்றுத்திறப்பு, சுவரின் மேற்பகுதியில் சாய்பலகைகள், மின்விசிறி மூன்றும் தேவை. ஜிப்சம் பலகையைத் தொடவே வேண்டாம்.

நிறம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பச்சைப் பூச்சு இலைகளுக்கு நடுவே பொய்யாகத் தெரியும். பளபளப்பில்லாத சாம்பல் பழுப்பு நிழலில் மறைந்துவிடும். பெரிய கண்ணாடியில்தான் கவனம் தேவை: பிரதிபலிக்கும் காட்டைப் பறவைகள் நிஜமென்று நம்பி மோதும். வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும். வெளிவிளக்குகளின் ஒளிநிறம் 2700 கெல்வினுக்கு (மஞ்சள் சாயல்) மிகாமல், கீழ்நோக்கி மட்டும் ஒளிரட்டும்.

கடைசியாக, எந்த மரச்சட்டமும் இரண்டு பேர் தூக்கும் எடைக்கு மிஞ்சாதபடி அளவு போடுங்கள்; லாரியை மரங்களுக்கிடையே விட வேண்டியிருக்காது. ஒருமுறை லாரி ஏறி இறுகிய மண்ணில் வேர் மூச்சுவிட முடியாது. அந்த மரம் சில ஆண்டுகள் கழித்துப் பட்டு, கூரைமேல் சாயும்.