229-ஐச் சேர்த்ததும் நீக்கியதும்

திரை உடைந்துபோன பழைய லேப்டாப் ஒன்றை வீட்டு சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தேன். ப்ராசஸர் இன்டெல் ஐ5-2410எம், சாண்டி பிரிட்ஜ் வகை. டெபியன் 6 என்ற லினக்ஸ் போட்டு அலமாரிக்குள் வைத்தபின், அது இருப்பதே மறந்துபோயிருந்தது. 2013 மே மாதம் டெபியன் 7 வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. அப்டேட் செய்தேன். அதன் மையமான கெர்னல் 2.6.32-இலிருந்து 3.2-க்குத் தாவியது.

மறுநாள் காலை பார்த்தால், லாக் கோப்புகளை மேய்ந்து புதிய செய்திகளை அனுப்பும் லாக்செக்கிடமிருந்து மணிக்கொரு மெயில். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: 'சிபியு0: பேக்கேஜ் பவர் லிமிட் நோட்டிஃபிகேஷன்', அதாவது சிப் முழுவதற்குமான மின்வரம்பு பற்றிய அறிவிப்பு. அதே வரி சிபியு1, 2, 3-க்கும். அப்புறம் 'பேக்கேஜ்' இருந்த இடத்தில் 'கோர்' என்று இன்னும் நாலு. கூடவே 'பவர் லிமிட் நார்மல்' என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வரி. ஒரு வகைச் செய்தியை ஒரு சிபியு-வுக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதுவது என்று கெர்னலே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படியும் இந்த லட்சணம். அடைப்புக்குறிக்குள் இருந்த மொத்த எண்ணிக்கை ஆயிரங்களில் ஏறிக்கொண்டிருந்தது. மானிட்டரை மாட்டி கன்சோலில் நானோ எடிட்டரைத் திறந்தேன். தட்டச்சு செய்யும்போதே இந்த வரிகள் குறுக்கே விழுந்தன.

சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஃபேனைத் துடைத்து தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, செய்தி போகவில்லை. சென்சார்ஸ் கட்டளை 70 டிகிரியைத் தாண்டவே இல்லை; இந்தச் சிப்பின் வரம்பு 100. கெர்னல் தன் கணக்குகளைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில், சூட்டால் வேகம் குறைந்த தடவைகளைச் சொல்லும் 'கோர் த்ராட்டில் கவுன்ட்' பூஜ்யம், 'கோர் பவர் லிமிட் கவுன்ட்' மட்டும் எகிறியிருந்தது. அப்போதுதான் உறைத்தது, இது சூட்டைப் பற்றிய புகாரே இல்லை. பேக்கப் சுருக்கும்போது, வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் டர்போ கிளம்பி 2.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகப் பார்க்கிறது. 35 வாட் சிப் தன் மின்வரம்பைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புது கெர்னல் இதை அபாயச் செய்தி போலக் கூவுகிறது, அவ்வளவுதான்.

சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை 'பவர்சேவ்' ஆக்கிப் பார்த்தேன். செய்திகள் நின்றன, ஆனால் 800 மெகாஹெர்ட்ஸில் பேக்கப் விடியும்வரை இழுத்தது. லாக்செக்கில் விலக்கு விதி எழுதலாம்தான். ஆனால் கொஞ்சம் அகலமாக எழுதிவிட்டால் உண்மையான சூட்டு எச்சரிக்கையும் அதில் மறைந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் இழக்க எனக்கு மனமில்லை.

கடைசியில், கெர்னலைத் தொடக்கிவைக்கும் க்ரப்பின் அமைப்பில், கெர்னல் வரியின் முடிவில் 'கிளியர்சிபியுஐடி=229' சேர்த்து, அப்டேட்-க்ரப் ஓட்டி ரீபூட் செய்தேன். 3.2 கெர்னலில் 229 என்பது 'பிஎல்என்' என்ற மின்வரம்பு அறிவிப்பு வசதிக்கான எண். அது இல்லை என்று கெர்னலை நம்பவைக்கிறோம். வன்பொருள் தன் வரம்பை வழக்கம்போலக் காக்கும். சிபியுஇன்ஃபோ கோப்பில் வசதிகளின் பட்டியலைப் பார்த்தேன்: 'பிஎல்என்' காணவில்லை, வெப்பத்துக்கான 'பிடிஎஸ்' அப்படியே இருந்தது. அன்றிரவு மெயில் வரவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த எண் கெர்னலுக்குக் கெர்னல் மாறலாம். மறந்து விட்டுவைத்தால் வேறு ஏதாவது வசதி அணைந்துவிடும். பின்னால் வந்த கெர்னல்களில் இந்த அறிவிப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டு வருகிறது. வேண்டியவர்கள் அதே கெர்னல் வரியில் 'இன்ட்_பிஎல்என்_எனேபிள்' கொடுத்துக்கொள்ளலாம். 2015-இல் டெபியன் 8-க்கு, அதாவது 3.16-க்கு மாறியபோது முதல் வேலையாக 229-ஐ அழித்தேன். பேக்கப்பை ஓடவிட்டுக் கெர்னல் லாகைப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. மானிட்டரைக் கழற்றி, லேப்டாப்பை மறுபடி அலமாரிக்குள் தள்ளினேன்.