போர்டு போகவில்லை, அடித்தட்டில் தண்ணீர் நின்றிருந்தது

செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குச் சமையலறையில் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். டிஷ்வாஷர் தண்ணீரை இழுக்கவில்லை, கழுவவும் இல்லை. தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினேன். விளக்கு அணைந்தது, பம்ப் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் வீடு அமைதியானது. திரும்பச் செருகினால் அதே சத்தம், திரையில் அதே பிழை எண். கையேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இருந்தது இவ்வளவுதான்: தண்ணீர் வழிவதைத் தடுக்கும் பாதுகாப்பு இயங்கியிருக்கிறது, சர்வீஸை அழைக்கவும்.

அழைத்தேன். அன்றிலிருந்து வீடு பழையபடி ஆகப் பன்னிரண்டு நாள் பிடித்தது. பெங்களூரு கஸ்தூரி நகரில் ஆறு பேர் உள்ள வீடு எங்களுடையது. நடுவில் அது ஓடிய மூன்று நாளைத் தவிர, மூன்று வேளைப் பாத்திரத்தையும் நானும் மாமியாரும்தான் கையால் கழுவினோம்.

கஸ்டமர் கேரில் பில் கேட்டார்கள். என் பில் தெர்மல் தாளில் அடித்தது, எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகியிருந்தது. சீரியல் எண் கதவின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கிறது என்பதை அரை மணி நேரம் பேசிய பிறகுதான் சொன்னார்கள். வாங்கிய அன்றே பில்லையும் அந்த ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். காலை பத்து மணிக்கு வரவேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார். கதவைத் திறந்தார், இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கி ரீசெட் செய்தார், பம்ப் ஓடுவதை ஒரு நிமிடம் கேட்டார். "போர்டு ஹோகிதே, மேடம்" என்றார் கன்னடத்தில்; இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் போர்டு போய்விட்டது என்று அர்த்தம். டேங்கர் தண்ணீரால் சென்சாரும் போர்டும் சேர்ந்து போய்விட்டதாம். இரண்டையும் மாற்ற 11,400 ரூபாய்.

"அடியில எதையாவது கழட்டிப் பாத்தீங்களா அண்ணா?" என்று கேட்டேன். தேவையில்லை, எரர் கோடே சொல்லிவிட்டது என்றார். உப்புத் தண்ணீர் ஹீட்டரில் படியும், உள்ளே தண்ணீர் தெளிக்கும் சுழல் கைகளின் ஓட்டையை அடைக்கும். அது எனக்கும் தெரியும். போர்டை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் விசிட் கட்டணம் வாங்கிக்கொண்டு, வேலைத்தாளில் 'போர்டு மாற்ற வேண்டும், வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். அதற்குக் கீழேயே 'அடிப்பகுதி திறந்து பார்க்கப்படவில்லை' என்று நான் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இதில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். டிஷ்வாஷரில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சொல்லும் இடங்கள் வேறு வேறு. தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று அளப்பது ஒன்று. தொட்டிக்கு வெளியே, இயந்திரத்தின் அடித்தட்டில் தண்ணீர் கசிந்து தேங்கினால் தடுப்பது இன்னொன்று. எங்களுடைய எண் இரண்டாவதைச் சேர்ந்தது. அடித்தட்டில் ஒரு தெர்மாகோல் மிதவை உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது மேலே எழும்பி ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டும். உடனே உள்ளே வரும் தண்ணீர் நிறுத்தப்படும், பம்ப் ஓட ஆரம்பிக்கும். அந்த மிதவை கீழே இறங்கும்வரை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பயனில்லை.

திறந்து பார்க்க வேண்டியதுதான். முன்பக்கக் கீழ்ப்பலகையில் இருந்தது ஆறு முனை உள்ள ஸ்டார் ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகாது. அதற்கேற்ற டிரைவர் தெருமுனை ஹார்டுவேர் கடையில் இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பென்னிகானஹள்ளியில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ், கருவிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். நான் தேடிப் போன கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. ஞாயிறன்று அங்கே போகாதீர்கள். திரும்பி வந்து லிஃப்ட்டில் புலம்பினபோது மூன்றாம் மாடி ஈரோட்டு அண்ணா, "பைக்குக்கு வாங்கின செட் இருக்கும்மா, டி20 சைஸ் டிரைவர்தானே?" என்று கையில் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, பலகையைக் கழற்றி, தரையில் படுத்து டார்ச் அடித்தேன். ஒளி பட்டதும் உள்ளே பளபளத்தது. ஒரு விரல் நக அளவு தண்ணீர், அதன்மேல் சாம்பல் நிற ஆடை. மிதவை தன் இடத்திலிருந்து எழும்பிச் சாய்ந்து நின்றது. 11,400 ரூபாய்க்குப் போர்டு மாற்றியிருந்தாலும் இந்தத் தண்ணீர் அங்கேயேதான் நின்றிருக்கும்.

இயந்திரத்தை 45 டிகிரி சாய்த்துத் தண்ணீரை ஊற்றிவிடச் சொல்கிறார்கள். கிரானைட் மேடைக்கு அடியில் செருகியிருப்பதை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். அடியில் வயர்களும் இருக்கின்றன. நான் சாய்க்கவில்லை, ஸ்பாஞ்சை விட்டு விட்டுப் பிழிந்தேன், ஒன்றரை மக் வந்தது. கையுறை கட்டாயம் போடுங்கள். அந்தத் தகரத்தின் ஓரம் கத்தி மாதிரி, என் மோதிர விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசிப் பிழிச்சலில் மிதவை இறங்கியது. 'டிக்' என்று ஒரு சத்தம். சுண்டுவிரலால் மெல்லத் தூக்கி விட்டேன், மறுபடி 'டிக்'. ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மறுபடி பிளக்கைச் செருகியபோது பம்ப் வாய் திறக்கவில்லை. சமையலறையில் நின்று கைதட்டினேன்.

மூன்று நாள் ஓடியது. புதன்கிழமை இரவு மறுபடி 'ர்ர்ர்'. உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. தண்ணீரை எடுத்துவிட்டேனே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அடித்தட்டைக் காயவைத்த கையோடு கசிவைத் தேடுங்கள்.

சனிக்கிழமை அதற்கென்றே ஒதுக்கினேன். தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை முதலில் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மட்டும் அரை மணி நேரம் திறந்து வைத்தேன். மின்சாரம் இல்லாதபோதும் தொட்டிக்குள் தண்ணீர் ஏறினால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம்; மணல் சிக்கினால் அப்படி ஆகும். ஏறவில்லை. ஹோஸ் இணைப்புகளைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தன. பிறகு அடித்தட்டு முழுக்க டிஷ்யூ தாளை விரித்து, பலகை இல்லாமலே, கையை உள்ளே விடாமல், காலியாக ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

அடுத்து வழக்கம்போல் பாத்திரம் அடுக்கி, 70 டிகிரி சுற்றைப் போட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன். இருபதாவது நிமிடம் கதவின் இடது கீழ் மூலையில், ரப்பருக்கு வெளியே, பொடிப் பொடியாக வெள்ளை நுரை. குமிழ் உடைந்து சொட்டுச் சொட்டாக டிஷ்யூவில் இறங்கியது. நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே பாதித் தொட்டி சோப்பு நுரை.

டிஷ்வாஷர் மாத்திரை இப்படி நுரைக்காது. "அத்தை, இதுல வேற சோப்பு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டேன். போடவில்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டியையும் தோசைக்கல்லையும் பாத்திரம் துலக்கும் ஜெல் போட்டுத் தேய்த்து, அலசாமல், அப்படியே உள்ளே வைத்திருக்கிறார். "பிசுக்கோட எப்படிம்மா உள்ள வைக்கிறது? மெஷினுக்குச் சுமையா இருக்குமேன்னு பாத்தேன்" என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அந்த ஜெல்லை உள்ளே விடக்கூடாது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவத்தின் அளவும் உச்சத்தில் இருந்தது, அதுவும் நுரையைக் கூட்டும். குறைத்து வைத்தேன்.

நுரையை அடக்க, தொட்டியில் கொஞ்சம் வெள்ளை வினிகர் தெளித்து இரண்டு முறை வெறும் தண்ணீரில் ஓடவிட்டேன். கதவு ரப்பரின் கீழ் மடிப்பில் கறுப்பாக அடைந்திருந்த பிசுக்கைப் பழைய பல்துலக்கியால் எடுத்தேன். முன்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்ததால் முன்கால் இரண்டையும் திருகிச் சமப்படுத்தினேன். இப்போது அத்தை சட்டியைச் சூடான தண்ணீரில் அலசி, காகிதத்தால் துடைத்து வைக்கிறார். ஒரு மாதம் ஆகிவிட்டது, அடித்தட்டில் விரித்த டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது.

அவர்கள் கணக்கில் என் புகார் இன்னும் 'போர்டு தேவை' என்றே நிற்கிறது. அடித்தட்டுத் தண்ணீரின் போட்டோவையும் வேலைத்தாளையும் இணைத்து 590 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இரண்டு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. திங்கட்கிழமை மூன்றாவதை அனுப்புகிறேன்.