வாட்டர்ஷெட் என்னும் சொல்

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகள் நேற்று மாலை, “மாமா, வாட்டர்ஷெட் என்றால் தண்ணீர்க் கொட்டகையா?” என்று கேட்டாள். இங்கு வரும் ‘ஷெட்’ கொட்டகை அன்று. பிரித்தல் என்னும் பழைய பொருளில் நிற்பது. ஜெர்மன் சொல் ஒன்றைப் பின்பற்றி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அமைந்த சொல் இது. இதை விளக்க, அகராதியைக் காட்டிலும் எங்கள் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள கோட்டைவாசல் கணவாயே எனக்குப் பெரிதும் உதவியது. அம்முகட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை கழுதுருட்டி வழியாகக் கல்லடையாற்றில் சேர்ந்து, அஷ்டமுடிக் காயலைக் கடந்து அரபிக் கடலுக்குப் போக, கிழக்குச் சரிவில் விழுவதோ சிற்றாற்றோடு கூடித் தாமிரபரணியில் கலந்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. அந்த முகடுதான் வாட்டர்ஷெட்.

அமெரிக்க வழக்கில் முகட்டை விட்டு, நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் இச்சொல் குறிக்கும். நம் அரசுத் திட்டங்கள் அதனை ‘நீர்வடிப்பகுதி’ என்பது எத்தனை பொருத்தமான ஆக்கம்! வரலாற்றைப் பேசும்போது இதுவே திருப்புமுனை என்று பொருள்படும். எடுத்துக்காட்டு கேட்டவளுக்கு, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1ஆம் நாளைச் சொன்னேன். அவள் அதை ஆங்கில வாக்கியமாக நோட்டில் எழுதி, அதன் கீழே இரண்டு ஆறுகளையும் வரைந்து வைத்தாள்.