செக்ரோலும் ஈமேக்ஸும்

சம்பளம் 7ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அப்படி. சேமநிதி 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆபீஸ்களில் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளைப் பழகிய கிராணிமார்கள் (எழுத்தர்கள்) அதைத் திட்டுவதும் பெரும்பாலும் இந்த நாள்களில்தான். எடைமேடை இயந்திரம் கக்கும் டெக்ஸ்ட் கோப்பு ஒரு பக்கம், மண்டோர் (மேற்பார்வையாளர்) வாட்ஸ்அப்பில் அனுப்பிய குலைக்கணக்கு ஒரு பக்கம், செக்ரோல் எனப்படும் ஆள்பட்டியல் இன்னொரு பக்கம். இதற்கெல்லாம் எக்ஸெல் போதாதா என்று கேட்பவர்கள் அந்த ஆள்பட்டியலை இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

"அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஒண்ணும் தொடல." கிராணிகளின் எல்லா முறையீடும் இந்த வரியில்தான் தொடங்கும். ஆளை நம்பலாம், அந்த வரியை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. முதல் வேலை, கட்டளை வரியில் ஈமேக்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் பெரிய க்யூவும் சேர்த்துத் திறப்பது. சொந்த அமைப்பு எதையும் படிக்காமல் மொட்டை ஈமேக்ஸ் வரும். கோளாறு அதிலும் தெரிந்தால் தரவுக் கோப்பைப் பாருங்கள். மறைந்துவிட்டால், அந்தச் சொந்த அமைப்புகள் எழுதியிருக்கும் இனிட் கோப்பில்தான் வில்லங்கம்.

இனிட் கோப்பில் ஒரு வரி தவறினால் ஈமேக்ஸ் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடும். அதற்குக் கீழே உள்ள அமைப்புகள் எல்லாம் செத்த மாதிரிதான். எழுத்துரு சரியாக வருகிறது, கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கீயை அமைத்த வரியை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ளதைச் சந்தேகிக்க வேண்டும். திறக்கும்போது டீபக்-இனிட் என்ற தெரிவைச் சேர்த்தால் எந்தக் கட்டளையில் விழுந்தது என்று காட்டும். 'எண்ட் ஆஃப் ஃபைல் டியூரிங் பார்சிங்' என்று வந்தால் ஓர் அடைப்புக்குறி மூடவில்லை. ஆல்ட்-எக்ஸ் அடித்து செக்-பேரன்ஸ் கொடுத்தால் கர்சர் அந்த இடத்துக்கே போய் நிற்கும்.

பிழைச் செய்தியே வராமல் நடத்தை மட்டும் கோணலாக இருந்தால் பாதிப்பாதியாக வெட்ட வேண்டியதுதான். கீழ்ப் பாதியை ஈமேக்ஸ் படிக்காதபடி கமெண்ட் ஆக்கித் திறந்து பார்ப்பது. கோளாறு போனால் அது கீழ்ப் பாதியில், போகாவிட்டால் மேல் பாதியில். 240 வரிக் கோப்பானாலும் எட்டுத் தடவைக்குள் ஒற்றை வரிக்கு வந்துவிடலாம். வெட்டும் இடம் மட்டும் இரண்டு முழுக் கட்டளைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் வெட்டினால் புதிதாக ஒரு பிழை முளைத்து ஆளைக் குழப்பும்.

இவ்வளவும் செய்வதற்கு முன், திருத்துகிற கோப்பைத்தான் ஈமேக்ஸ் படிக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வீட்டு அடைவில் புள்ளி-ஈமேக்ஸ் என்ற பழைய கோப்பு ஒன்று கிடந்தால், புள்ளி-ஈமேக்ஸ்-புள்ளி-டி அடைவுக்குள் இருக்கும் இனிட் கோப்பை அது சீந்தாது. கண்ட்ரோல்-எச், பிறகு வி அழுத்தி, யூசர்-இனிட்-ஃபைல் என்று கேட்டால் படித்த கோப்பின் பெயரைச் சொல்லும். நோட்பேட் தன் இஷ்டத்துக்கு டிஎக்ஸ்டி வாலை ஒட்டிச் சேமித்து வைத்த கோப்பு ஒரு நாள் முழுக்க ஆளை அலைக்கழிக்கும்.

இனி, இந்தக் கணக்குகளை ஒழுங்குபடுத்தும் ஸ்கிரிப்டுக்கு வருவோம். ஈமேக்ஸின் நிரல் மொழியான லிஸ்பில் எழுத உட்காரும் முன், வேலையை ஒரு வரியில் கையால் செய்து மேக்ரோவாகப் பதிவது நல்ல பழக்கம். எஃப்3 அழுத்தினால் பதிவு தொடங்கும், எஃப்4 அழுத்தினால் முடியும், மறுபடி எஃப்4 என்றால் ஒரு தடவை ஓடும். கண்ட்ரோல்-யூ, 0, எஃப்4 என்று அழுத்தினால் பிழை வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வலது அம்புக்குறியைப் பன்னிரண்டு தடவை தட்டிப் பதிந்த மேக்ரோ முனியம்மாவுக்குச் சரியாக ஓடும், சுப்பிரமணியத்தில் உடையும். ஏனென்றால் பெயர்களின் நீளம் ஒன்றல்ல. அடுத்த காற்புள்ளியைத் தேடிப் போகிற மாதிரி பதிந்தால் உடையாது. தேடியது கிடைக்காதபோது மேக்ரோ தானாகவும் நிற்கும். கர்சரைக் கோப்பின் தலைக்கே திருப்பிக் கொண்டுபோகும் மேக்ரோ நிற்கவே நிற்காது, அதை நிறுத்த கண்ட்ரோல்-ஜி.

மாதா மாதம் வருகிற வேலைக்குத்தான் லிஸ்ப். நம் பெயர்களில் இருக்கும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்ற அடையாளங்கள் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் ஓரிடத்தில் சிறிய எழுத்திலும் கிடக்கும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்க ஒரு வைல் சுற்று: தலைக்குப் போ, ரீ-சர்ச்-ஃபார்வர்டால் தேடு, கிடைத்தால் ரீப்ளேஸ்-மேட்சால் மாற்று. ஓட்டிப் பார்த்தால் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஒழுங்காக ஓடியிருக்கிறது. பழைய சொல் பெரிய எழுத்தில் இருந்தால் புதியதையும் பெரிய எழுத்தாக்கிவிடுவது ரீப்ளேஸ்-மேட்சின் இயல்பு. அதன் இரண்டாவது உள்ளீடாக ஒரு டி (லிஸ்பில் 'ஆம்') கொடுத்தால்தான், கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். ரீ-சர்ச்-ஃபார்வர்டிலும் மூன்றாவது உள்ளீடு டி ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பெயரைத் தாண்டியதும் 'சர்ச் ஃபெயில்ட்' என்று அலறி நின்றுவிடும். அதற்குப் பின் எழுதிய சேமிக்கும் கட்டளை ஓடாது.

அடையாள அட்டை எண் தனிக் கதை. ஆறு, இரண்டு, நான்கு என்று 12 இலக்கம். எக்ஸெல் வழியாக வந்த பட்டியலில் 2001 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 11 இலக்கமாக நிற்கும், 2000இல் பிறந்தவர்களுக்கு ஒன்பதோ பத்தோதான். முன்னால் இருந்த பூஜ்யத்தை எண் என்று நினைத்து எக்ஸெல் விழுங்கிவிட்டது. இதை ஃபார்மேட் கட்டளையால் பூஜ்யம் நிரப்பி மீட்கலாம். ஆனால் பின்னால் 'இ+11' என்று முடிந்திருந்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விட்டன. எந்த ஸ்கிரிப்டும் அவற்றைக் கொண்டுவராது. அசல் அட்டையைப் பார்த்து அடிக்க வேண்டியதுதான்.

சில வரிகளின் கடைசியில் மட்டும் தொப்பி போட்ட எம் தெரிந்தால், விண்டோஸ் வரிமுடிவும் லினக்ஸ் வரிமுடிவும் ஒரே கோப்பில் கலந்திருக்கின்றன. எடைமேடைக் கோப்பின் அடியில் வேறு இடத்திலிருந்து ஒட்டினால் இப்படி ஆகும். அந்த எம்மை முதலில் நீக்காவிட்டால், வரிக் கடைசியில் இலக்கம் தேடும் ரெகெக்ஸ் (தேடல் வடிவம்) பாதி வரிகளை விட்டுவிடும்.

தமிழில் பெயர் வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு இன்னொரு தலைவலி. கோவிந்தன் கண்ணுக்கு எதிரே இருப்பான், தேடினால் கிடைக்க மாட்டான். 'கோ' என்பதை க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம், க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கோப்பில் வேறு. கர்சரை வைத்து கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று விரித்துக் காட்டும். யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்ற கட்டளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் சௌந்தரியை அது காப்பாற்றாது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருப்பார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது 'செ'க்குப் பிறகு ஒரு 'ள', அவ்வளவுதான். அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் செளந்தரியோடு சேர்ந்து வெளியும் தெளிவும் பாழாகும். ஆகவே க்வெரி-ரீப்ளேஸ் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ஒய் அழுத்துவதுதான் உத்தமம்.

மத்தியானம் இடி மின்னலோடு கரண்டு போகிற ஊரில் ஆட்டோ-சேவ் என்ற தானியங்கிச் சேமிப்பை யாரும் அணைத்து வைக்கக் கூடாது. 300 எழுத்து அடித்ததும், அல்லது சுமார் 30 விநாடி சும்மா இருந்தால், இருபுறமும் ஹேஷ் போட்ட பெயரில் ஒரு நகல் விழும். கரண்டு வந்து கோப்பைத் திறந்ததும் கீழே ஒரு வரிச் செய்தி தலைகாட்டும். அவசரத்தில் அதைப் பார்க்காமல் அடித்துச் சேமித்தால் நகல் போய்விடும். பார்த்துவிட்டால் ரிகவர்-திஸ்-ஃபைல் கொடுங்கள். இரண்டு கோப்புகளின் நேரத்தையும் அளவையும் காட்டிக் கேட்கும். ஒய் மட்டும் போதாது, யெஸ் என்று முழுதாக அடிக்க வேண்டும். மீண்டு வந்தது திரையில்தான் இருக்கிறது. கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-எஸ் அழுத்தும்வரை கோப்புக்குள் போகாது.