வர்க்கமூலத்துக்குள் ஒளிந்திருக்கும் முக்கோணம்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகளுக்கு நேற்றிரவு தொகையிடல் (வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் காண உதவும் கணக்குமுறை) சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 9-இலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைத் தொகையிட வேண்டிய கணக்கு; இதற்கு எக்ஸுக்குப் பதிலாகச் சைனைப் பிரதியிடுவது வழக்கம். “இதில் சைன் எங்கிருந்து வந்தது, மாமா?” என்று கேட்டாள். வாய்பாட்டை மனப்பாடம் செய்துவிடும் பலர் இதைக் கேட்பதே இல்லை.

கர்ணம் 3, ஒரு பக்கம் எக்ஸ் என்று செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்தால், மீதமுள்ள பக்கம்தான் அந்த வர்க்கமூலம். எக்ஸுக்கு எதிரிலுள்ள கோணம் தீட்டா. ஆகவே எக்ஸை 3 சைன் தீட்டா எனப் பிரதியிட்டால் வர்க்கமூலம் 3 காஸ் தீட்டாவாகிவிடுகிறது. தீட்டாவை −பை/2 முதல் பை/2 வரை மட்டும் எடுத்துக்கொள்வதால் காஸ் குறை எண்ணாவதில்லை, குறியைப் பற்றிய கவலையும் இல்லை. அவள் தடுமாறிய இடம் வேறு: எக்ஸின் மிகச்சிறு மாற்றத்தைக் குறிக்கும் டிஎக்ஸையும் 3 காஸ் தீட்டா டிதீட்டாவாக மாற்ற மறந்துவிட்டாள். (கல்லூரி முதலாண்டுத் தேர்வில் நானும் இதே இடத்தில் மதிப்பெண் இழந்தவன்தான்.) மாற்றியபின் மிஞ்சுவது 9 காஸ் வர்க்கம் தீட்டா, அதை இரட்டைக் கோண வாய்பாட்டின் துணையால் தொகையிட்டு, முதலில் வரைந்த அதே முக்கோணத்தைப் பார்த்தே எக்ஸுக்குத் திரும்பிவிடலாம்.

0 முதல் 3 வரை எல்லைகளை வைத்தபோது விடை 9பை/4 என வந்தது. ஆரம் 3 உள்ள வட்டத்தில் கால் பங்கின் பரப்பளவு அதுவே என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

ஆனால் அந்த வர்க்கமூலத்தை ஓர் எக்ஸ் பெருக்கிக்கொண்டு நின்றால் சைனைத் தேட வேண்டியதில்லை; உள்ளே இருப்பதை யு என்று வைத்தாலே கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும்.