மறதியை மட்டும் விசாரிக்கிறோம்

லேசான அறிதிறன் குறைபாடு (வயதுக்கு மீறிய மறதி, ஆனால் டிமென்ஷியா எனும் மறதிநோய் அளவுக்கு முற்றாத நிலை) என்று மருத்துவர் சொன்னது முதல் என் பெரியம்மாவின் மறதியைப் பற்றி விசாரிக்காத உறவினர் இல்லை. அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள்தாம் அரிது. டிமென்ஷியா முற்றியவர்களில் பலருக்குத் தம் குறை தெரிவதில்லை. லேசான குறைபாட்டுக் கட்டத்தில் இருப்பவர்களுக்கோ பெரும்பாலும் அது நன்றாகவே தெரிகிறது, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளவும் முடிகிறது. தொலைபேசி ஒலித்தால் பெரியம்மாதான் எடுப்பார். இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, மறுமுனையில் இருப்பவர் பழைய சங்கதி எதையாவது கேட்பதற்குள் என் கையில் கொடுத்துவிடுவார். அதை அலட்சியம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பதற்றமாகத்தான் தெரிகிறது.

இதோடு மனச்சோர்வும் ஈடுபாடின்மையும் சேர்ந்து வரலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மனச்சோர்வில் துயரமும், தன்னைத்தானே நொந்துகொள்வதும், பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமும் இருக்கும், ஈடுபாடின்மையிலோ வருத்தம் இல்லாமலேயே எதையும் தொடங்கும் உந்துதல் மட்டும் வற்றிப்போயிருக்கும். மனச்சோர்வே கவனத்தைச் சிதறடித்து மறதியைக் கூட்டும் என்பதால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது மருத்துவருக்கே எளிதல்ல. 30 மதிப்பெண்களுக்கான ‘மோகா’ சோதனை நினைவையும் கவனத்தையும் மொழியையும் அளக்கும், மனநிலையை அளக்காது. முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோலின் சுருக்க வடிவில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகளே உள்ளன. சில நிமிடங்களில் முடிகிற அதையும் சேர்த்துச் செய்யும்படி குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.

மருந்து விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகளும், டயாசெபாம் வகைத் தூக்க மாத்திரைகளும் நினைவாற்றலை மேலும் மங்கச் செய்யக்கூடும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அடுத்தது டிமென்ஷியாதான் என்ற அச்சமே பலரை ஒடுக்கிவிடுகிறது. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்து இக்குறைபாடு உள்ளவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் டிமென்ஷியாவை அடைவோர் சுமார் 15 விழுக்காடு என்கிறது. சிலர் இயல்பு நிலைக்கே திரும்புவதையும் அது குறிப்பிடுகிறது. இதை மருத்துவரே நேரில் எடுத்துச் சொன்ன பிறகுதான் பெரியம்மா தம் சந்தேகங்களை என் மூலமாக அல்லாமல் அவரிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கினார்.